எந்த சிலபஸ் வாங்கலாம் என்பது கடைசிக் கேள்வி

மே மாதம் வந்தால் என் இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாம்னு இருக்கோம். எந்த சிலபஸ் வாங்கலாம்?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். இரண்டாம் வகுப்பு முடிந்ததும் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் கற்பிக்கிறவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்வதை இந்த முறை பொதுவில் எழுதிவிடுகிறேன்.

சிலபஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் யார், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பிள்ளையோடு இருக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் உட்கார்ந்து பேசி முடியுங்கள்.

எனக்குத் தெரிந்து பாதியில் நின்றுபோன வீடுகளில் பாடம் கடினமாக இருந்ததால் யாரும் நிறுத்தவில்லை. எல்லாம் அம்மா தலையில் விழுந்ததால் நின்றது. சமையல், மாமியாருக்கு மருந்து, துணிமணி, இதற்கு நடுவே வாய்ப்பாடும் அவளே சொல்லிக்கொடுக்க வேண்டும். மாலையில் வருகிற அப்பா "இன்னைக்கு என்ன படிச்சே?" என்று பரீட்சை அதிகாரி மாதிரி கேட்பார். பிள்ளை முழித்தால் பழி அம்மாவுக்கு. இப்படி ஒரு ஏற்பாட்டுக்குப் பேசாமல் பள்ளிக்கூடமே மேல் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் தமிழும் ஆங்கிலமும் காலையில் நான். கணக்கும் சாயங்கால விளையாட்டும் அவர். அம்மா வேலையை விட்டால்தான் நடக்கும் என்றால், அந்த முடிவை அவள் வாயால் அவள் சொல்லட்டும். குடும்பமே கூடி அவளுக்காக எடுக்கிற முடிவாக அது இருக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் கவனமாக உட்கார்ந்தால் அன்றைய படிப்புக்கு அது தாராளம். வகுப்பறையில் ஒரு டீச்சர் வருகைப் பதிவேடு எடுத்து, நோட்டு திருத்தி, நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை. அதனால் ஒன்பது மணிக்கு பெல் அடித்து, பீரியட் பிரித்து, கூடத்தையே வகுப்பறையாக்க வேண்டாம். பள்ளியில் பயந்துபோய் வந்த பிள்ளையாக இருந்தால் முதல் சில வாரங்களுக்குப் பாடமே எடுக்காதீர்கள். தூங்கட்டும், விளையாடட்டும், அடுப்படியில் கூடமாட நிற்கட்டும். தானாக ஒரு கேள்வி கேட்கும் வரை பொறுமையாக இருங்கள்.

படிப்பைத் தமிழில் தொடங்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டில் தமிழ் பேசுகிற வீட்டில், எட்டு வயதுப் பிள்ளை ஆங்கில ரைம்ஸ் ஒப்பிக்கிறது, பஸ் போர்டு படிக்கத் திணறுகிறது. 247 எழுத்தையும் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். ப, ட, ம மூன்றையும் மேலே வைக்கிற புள்ளியையும் காட்டினால் படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே சொல் வந்துவிடும். ஒரு துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம். அப்புறம் கடைப் பலகை, மளிகைச் சீட்டு, பஸ் போர்டு. தினமும் ஒரு கதையை நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நல்ல துணை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கணக்குக்கு ஒரு பல்லாங்குழியும் ஒரு பை புளியங்கொட்டையும் வாங்கிப் போடுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் எத்தனை என்று கேட்டால் பிள்ளை முதலில் ஒவ்வொன்றாக எண்ணும். ஒரு நாள் ஒரு வரிசையை மட்டும் எண்ணிவிட்டு, 35-உம் 35-உம் 70 என்று சொல்லும். பெருக்கல் அங்கேதான் உள்ளே போகிறது. அதன் பிறகு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தால் தப்பில்லை.

பாடநூல் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசின் பாடநூல்களே போதும். பிடிஎப் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வெளிநாட்டுப் பாடப் பெட்டிகள் வரவழைக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் அதன் வேகத்தில் படி ஏறட்டும் என்ற யோசனை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது அந்த யோசனையில்தான். தரையோடு சேர்ந்த கரும்பலகை, அட்டைகள், கற்றல் ஏணி எல்லாம் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அரசுப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு மாலை போய்ப் பேசுங்கள். இணையத்தில் தேடுவதைவிட அதிகம் கிடைக்கும்.

சரி, சட்டம். "ஒரு பிரச்சினையும் வராது" என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் கல்வி உரிமைச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. மீறும் பெற்றோருக்கு இந்த மத்தியச் சட்டத்தில் தண்டனை சொல்லப்படவில்லை. அதே சமயம் வீட்டுக்கல்வியை ஏற்றுக்கொள்கிற பிரிவும் இதில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக்கும் ஆசிரியர்கள் வரலாம். அவர்களிடம் எரிந்து விழாதீர்கள். செங்கல் சூளையிலும் ஓட்டலிலும் வேலை செய்கிற பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பள்ளிக்கு அழைத்து வருகிறவர்கள் அவர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளையின் நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். பழைய பள்ளியிலிருந்து டிசி-யும் எமிஸ் எண்ணும் (கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) வாங்கிப் பத்திரமாக வைத்திருங்கள்.

திரும்பிப் போகிற வழியையும் தொடங்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான படிப்பைத்தான் பார்க்கிறது. தொடக்க வகுப்புகளை வீட்டில் முடித்து ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்ந்தால் அந்த வாய்ப்பு கையை விட்டுப் போகாது. பள்ளிக்கே போகாமல் தொடர்வதானால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. பதினான்கு வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளை யார் யாரோடு பழகக் கூடாது என்று நினைத்து வீட்டில் வைக்கிறீர்களா? "அந்தப் பள்ளியில் கண்டவங்க பிள்ளைங்களும் வருது" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் ஒரு உதவியும் செய்வதில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவதுதான் பள்ளிக்கூடம் இந்த மாநிலத்துக்குச் செய்த பெரிய காரியம். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அது தானாகக் கிடைக்காது, நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். என் மகள் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் எல்லோரோடும் விளையாடுகிறாள். அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள், இவள் அவர்கள் வீட்டில் சாப்பிடுவாள். இதற்கு மனசு வராதவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்புங்கள்.

திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் மாவட்ட மைய நூலகத்துக்கு வாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் சேர்ந்தே வருகிறார்கள். உங்கள் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், முடிந்தால் அப்பாவையும்.