ஈஃபிள் கோபுரத்தைக் காட்டாத பாரிஸ்தான் சிரிக்க வைக்கிறது

பாரிஸில் நடக்கும் நகைச்சுவைப் படம் என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன். ஈஃபிள் கோபுரம், அக்கார்டியன் இசை, மழையில் நனைந்த கல் பாவிய தெரு எல்லாம் வரிசையாக வந்து நின்றால், இயக்குநர் சுற்றுலாத் துறைக்கு வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். காதலர்களின் நகரம் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஊரில் இரண்டு பேருக்குக் காதல் வருவதில் என்ன வேடிக்கை? அந்த ஊரின் எதற்கும் மசியாத ஒரு ஆளை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அப்போதுதான் கதை சூடு பிடிக்கும்.

1939இல் வந்த 'நினோச்கா' இதைத்தான் செய்தது. எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கம், கிரேட்டா கார்போ நாயகி. மாஸ்கோவிலிருந்து அரசு வேலையாகப் பாரிஸ் வரும் சோவியத் அதிகாரி. நடுச்சாலையில் நின்று ஈஃபிள் கோபுரத்துக்கு வழி கேட்கிறாள். அங்கே நிற்கும் உல்லாசப் பேர்வழி, "அது மறுபடியும் தொலைந்துபோய்விட்டதா?" என்கிற தோரணையில் கிண்டல் செய்கிறான். அவள் அசரவில்லை. தனக்கு அதன் பொறியியல் சங்கதிகளில் மட்டும்தான் ஆர்வம் என்கிறாள். கோபுரம் படத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைப் பார்த்து உருகாத ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள். அதனால் சிரிக்கிறோம்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டுக் கடைக் காட்சி. தொழிலாளிகள் சாப்பிடும் சாதாரண இடம். அவளைச் சிரிக்க வைக்க அவன் ஜோக் மேல் ஜோக்காகச் சொல்கிறான். கிரீம் இல்லாத காபி கேட்டவரிடம், கிரீம் தீர்ந்துவிட்டது, பால் இல்லாமல் தரட்டுமா என்று சர்வர் கேட்கிற ஜோக்கும் அதில் உண்டு. அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடுப்பில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து அவன் தடாலென்று விழுகிறான். அவ்வளவுதான், அடக்க முடியாமல் சிரிக்கிறாள். கார்போ சிரிக்கிறார் என்பதையே விளம்பரமாக வைத்து அந்தப் படத்தை ஓட்டினார்கள்.

படம் எடுக்கப்பட்டது ஹாலிவுட் ஸ்டூடியோவில். வெளியானபோது ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டது. தொடக்க எழுத்திலேயே, விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்கணைக்கத் தேவையில்லாத பழைய பாரிஸில் நடக்கும் கதை இது என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. இதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கனக்கிறது.

அதன் திரைக்கதையாசிரியர்களில் ஒருவர் பில்லி வைல்டர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினிலிருந்து தப்பிப் பாரிஸுக்கு ஓடி வந்தவர். அகதியாக ஒரு ஊரில் வாடகை கொடுத்துக் காலம் தள்ளியவருக்கு அங்கே காதலுக்கும் காசு வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. 1963இல் அவர் இயக்கிய 'இர்மா லா தூஸ்' பார்த்தால் புரியும். பாரிஸ் நடுவில் இருந்த லே ஆல் மொத்தச் சந்தைப் பக்கம் ஒரு பாலியல் தொழிலாளி, அவளைக் காதலிக்கும் வேலை போன போலீஸ்காரன். வேறு யாரும் அவளிடம் வரக்கூடாது என்பதற்காக ஆங்கிலேயப் பிரபுவாக வேஷம் போட்டு அவனே வாடிக்கையாளனாகப் போகிறான். பிரபு கொடுத்த பணத்தை அவள் இவனிடமே கொண்டுவந்து கொடுக்கிறாள்! இடையில் ஆகும் செலவை ஈடுகட்ட இரவெல்லாம் சந்தையில் மூட்டையும் இறைச்சியும் சுமக்கிறான். விடிந்ததும் அசந்து தூங்குபவனைப் பார்த்து, இவனுக்கு வேறு யாரோ இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். போலீஸ்காரனாக வரும் ஜாக் லெம்மன் அந்த அலுப்பை நடித்திருப்பதைப் பார்க்க வேண்டும். படம் நீளம்தான், கடைசி அரை மணி நேரம் இழுக்கிறது. அந்தச் சந்தையே இப்போது அங்கே இல்லை. 1969இல் ஊருக்கு வெளியே ரூன்ஜிஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

'அமேலி' ரசிகர்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். 2001இல் வந்த அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் நான் சிரித்த இடம் பாரிஸின் குன்றுப் பகுதியான மோன்மார்த்ரின் அழகான படிக்கட்டுகளில் இல்லை. கடை உதவியாளனை ஓயாமல் கேவலப்படுத்தும் காய்கறிக்கடைக்காரன் வீட்டுக்குள் அமேலி புகுந்து பற்பசைக்குப் பதில் கால் கிரீம் வைக்கிறாளே, அங்கே. மற்றபடி அது வண்ணம் திருத்தி, துடைத்துப் பளபளவென்று வைத்த பாரிஸ். 'மிட்நைட் இன் பாரிஸ்' இன்னும் மோசம், வசனம் தொடங்குவதற்கு முன்பே ஊர் முழுக்கப் படம் காட்டி முடித்துவிடுகிறது. அதில் உருப்படியான ஜோக், இரவில் பழைய காலத்துக்குப் போய்வரும் நாயகனைப் பின்தொடரப் போய் பழைய வெர்சாய் அரண்மனைக்குள் மாட்டிக்கொள்ளும் துப்பறிவாளன்.

இந்தப் பளபளப்பில் யார் காணாமல் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமேலி சுற்றும் மோன்மார்த்ரிலிருந்து நம் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் அரை மணி நேர நடைதான். அந்தப் படத்தில் அப்படி ஒரு பாரிஸ் இருப்பதற்கான தடயமே இல்லை. சுற்றுலாப் பயணிகளிடம் பொம்மையும் பூவும் விற்பவர் காதல் நகைச்சுவைகளில் அரை நொடி வந்து போவார். ஈழத்து அகதியின் கதையான 'தீபன்' படத்தில்தான் அந்த ஆள் நாயகன் ஆனார். இருட்டுக்குள்ளிருந்து, தலையில் மினுக்கும் விளக்கோடு, அந்த நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி நம்மை நோக்கி நடந்து வருவார். அது நகைச்சுவைப் படம் இல்லை. ஆனால் அந்த வேலையையும் அந்த விளக்கையும் வைத்து ஒரு நல்ல நகைச்சுவை எடுக்க முடியும். யாராவது எடுங்களேன்.

சரி, என் கணக்கில் முதலிடம் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தாத்தியின் 'பிளேடைம்' படத்துக்கு. 1967. இதற்காக அவர் பாரிஸுக்கு ஓரமாக ஒரு நகரத்தையே செட் போட்டார். கண்ணாடியும் இரும்புமாக, எந்த நாட்டில் வேண்டுமானாலும் இருக்கக்கூடிய கட்டடங்கள். பின்னணியில் கூட்டத்துக்கு ஆள் அளவு அட்டைப் படங்களையும் நிறுத்திவைத்தார். அமெரிக்கச் சுற்றுலாக் குழு பாரிஸ் பார்க்க வருகிறது. பாரிஸ் கிடைப்பதே இல்லை. பயண அலுவலகச் சுவரொட்டிகளில் எந்த நாட்டின் பெயர் போட்டிருந்தாலும் அதே கட்டடம். ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது ஈஃபிள் கோபுரம் அதில் பிரதிபலிப்பாகத் தெரிந்து மறைகிறது. கோபுரத்துக்கு அவ்வளவுதான் பங்கு!

இரண்டாம் பாதியில் அன்றுதான் திறந்த உணவகம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. ஒரு மீனுக்கு ஆளாளுக்கு வந்து மசாலா தூவிவிட்டுப் போகிறார்கள், பரிமாறத்தான் ஆளில்லை. நாற்காலியின் கிரீட வடிவம் வாடிக்கையாளர்களின் முதுகில் அச்சாகப் பதிகிறது. உடை கிழிந்த ஒரு சர்வரை வெளியே நிறுத்திவிட்டு, மற்றவர்களும் தங்கள் கிழிசலை அவரிடம் மாற்றிக்கொண்டு போகிறார்கள். கண்ணாடிக் கதவு நொறுங்கிவிட, வாசல்காரர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு இல்லாத கதவைத் திறந்து திறந்து மூடுகிறார். விருந்தினர்களும் மரியாதையாக அதன் வழியே நுழைகிறார்கள். உணவகம் பாழாகப் பாழாகத்தான் அங்கே மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பிக்கிறார்கள்.

படம் வசூலிக்கவில்லை. தாத்தி கடனில் மூழ்கினார், தன் பழைய படங்களின் உரிமையைக்கூட இழந்தார். செட்டை இடித்துவிட்டார்கள்.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒன்று. போனில் பார்க்காதீர்கள். 70 எம்எம்மில் எடுத்தது, ஒரே சட்டகத்தில் நாலு மூலையிலும் நாலு வேடிக்கை நடக்கும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், எழுந்து போய்விடாதீர்கள். உணவகம் திறக்கட்டும், அப்புறம் பேசுவோம்.