பிள்ளைகளுக்கு வசனம் தெரியும், விசுவாசம் இருக்கிறதா?

எங்கள் பக்கத்துச் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரங்களில், பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிடத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புகள் தொடங்கிவிட்டன. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உபதேசத்தை நாம் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறோம். கேட்கிற பிள்ளைக்குச் சொந்தமாக விசுவாசம் இருக்கிறதா என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

திடப்படுத்தல் எதற்காக என்பதே மறந்துபோய்விட்டதோ என்று தோன்றுகிறது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அதற்காக வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்த பிறகு அந்த வாக்கைப் பிள்ளை தன் வாயால் ஏற்றுக்கொள்ள வேண்டும். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், அதன்பின் நற்கருணை. ஆக, அந்த ஆராதனை முழுவதும் "நீ விசுவாசிக்கிறாயா?" என்ற கேள்வியின் மேல்தான் நிற்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? "அடுத்த வருஷம் பத்தாவது, டியூஷன் இருக்கும், இந்த வருஷமே முடிச்சிடலாம்" என்று வீட்டில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளை உடுப்பு, போட்டோ, மத்தியானம் பிரியாணி. சந்தோஷம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மனதுக்குள் என்ன பதில் சொன்னது என்று யாருக்காவது தெரியுமா?

எபிரெயர் 4-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கேட்ட வசனம் அவர்களுக்குப் பிரயோஜனப்படவில்லை, ஏனென்றால் விசுவாசமில்லாமல் கேட்டார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் போதித்தவர் மோசே. செங்கடல் பிளந்ததைக் கண்ணால் பார்த்த ஜனங்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே கேட்டது உள்ளே போகவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நாம் நடத்தும் பாடம் தானாக உள்ளே போய்விடும் என்று எப்படி நம்புவது?

வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கும் இதே நிலைமை வரும். ஜான் வெஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். 1947-ல் நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது சேர்ந்தவர்களில் மெதடிஸ்டுகளும் உண்டு, ஆகவே அவர் நமக்கும் முன்னோர்தான். ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1728-ல் குருப்பட்டம் பெற்றவர். 1735-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல். பாய் கிழிந்து கப்பலுக்குள் தண்ணீர் கொட்டுகிறது. ஆங்கிலேயர்கள் அலறுகிறார்கள். அதே கப்பலில் வந்த மொரேவியச் சபை ஜெர்மானியர்கள் சங்கீதம் பாடிக்கொண்டே இருந்தார்கள். "உங்கள் பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை?" என்று பிறகு வெஸ்லி கேட்டதற்கு, "எங்கள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சாவைப் பற்றிய பயம் இல்லை" என்று பதில் வந்தது.

ஜார்ஜியாவில் இறங்கியதும் மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க் அவரிடம், "இயேசு கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். வெஸ்லி தயங்கி, "அவர் உலக இரட்சகர் என்று தெரியும்" என்றார். "சரிதான், ஆனால் உங்களை இரட்சித்திருக்கிறார் என்று தெரியுமா?" "எனக்காக மரித்தார் என்று நம்பியிருக்கிறேன்." தான் சொன்ன அந்தப் பதில்கள் வெறும் வார்த்தைகள்தானோ என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார் வெஸ்லி. ஒரு மிஷனரி தன் நாட்குறிப்பில் அப்படி எழுத எவ்வளவு உண்மை வேண்டும்! 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த வெஸ்லிக்கு, கிறிஸ்து தன் பாவங்களை, ஆம், தன்னுடைய பாவங்களையே நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. கிறிஸ்து பாவிகளுக்காக மரித்தார் என்பது அவருக்குப் புதிய செய்தியா? பத்து வருடத்துக்கு மேல் அதைத்தானே பிரசங்கித்தார். அந்தப் பாவிகளில் தானும் ஒருவன் என்பது அன்றைக்குத்தான் அவருக்குள் இறங்கியது.

"அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். விசுவாசம் கேள்வியினால், அதாவது வசனத்தைக் காதால் கேட்பதினால் வரும் என்று ரோமர் 10-ல் பவுலே சொல்லியிருக்கிறார், கேட்காமல் எதை விசுவாசிப்பது? சாக்சனி கிராமங்களில் ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பார்த்து நொந்துதான் லூத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற பாடப் புத்தகத்தை எழுதினார். வார்த்தை பிசகாமல் படிக்க வைக்கச் சொன்னவர் அவர். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேள்வி வைத்தார். பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய பகுதிக்கு வரும்போது, என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் என்னால் இயேசுவை விசுவாசிக்க முடியாது, ஆவியானவரே சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார் என்று பிள்ளையையே சொல்ல வைத்தார். விசுவாசம் என்னுடையதாக இருக்க வேண்டும், அதே சமயம் அது நான் முக்கி முனகி உண்டாக்குகிற காரியமும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை நாம் விட்டுவிட்டால் பெரிய கேடு வந்து சேர்கிறது.

என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். எந்த வசனம் கேட்டாலும் டக்கென்று சொல்லுவாள். ஒருநாள் எல்லோரும் போன பிறகு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். "சார், பாட்டிக்குச் சுகமாகணும்னு விசுவாசத்தோடதான் ஜெபம் பண்ணினேன். இறந்துட்டாங்க. எனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க. அப்போ நான் திடப்படுத்தல் எடுக்கலாமா?" ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ அப்படிப் பேசியிருக்கிறார்கள். சாவின் பழியைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் போடுகிற பேச்சுக்குப் பெயர் சுவிசேஷமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவளோடு மாற்கு 9-ஐ வாசித்தேன். பிள்ளையைக் கொண்டுவந்த அந்தத் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். இயேசு அவன் விசுவாசத்தை எடைபோட்டுப் பார்க்கவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். பாட்டி ஏன் சுகமாகவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஜெபத்தை நான் பண்ணலாமா சார்?" என்று கேட்டாள். அவள் ஒப்பித்த அத்தனை வசனங்களையும்விட அந்தக் கேள்வியில்தான் எனக்கு விசுவாசம் தெரிந்தது.

அதனால் குருவானவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கிறேன். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடமாவது தனியாகப் பேசுங்கள். ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்க விடுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள், வேதம் அவர்களைப் பாராட்டத்தான் செய்கிறது. "எனக்கு இன்னும் நிச்சயமில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள், அடுத்த வருடம் வரை காத்திருக்கட்டும். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், போட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டதே என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பிள்ளையை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று கைகழுவிவிடாமல், வருடம் முழுக்க ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். உங்கள் சேகரத்தில் ஏற்கெனவே இப்படிச் செய்கிறீர்கள் என்றால் எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள், எங்கள் குருவானவரிடம் காட்ட வேண்டும்.