ஒரு மனையில் எத்தனை வீடு?

வாடகை ஏறினால் வீட்டுக்காரரைத் திட்டுகிறோம், பில்டரைத் திட்டுகிறோம். மனை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் விதிகளை மட்டும் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. என் கோபமெல்லாம் அந்த விதிகள் மேல்தான்.

அமெரிக்காவின் ஹூஸ்டனைப் பாருங்கள். அங்கே தனி வீடு கட்ட 5,000 சதுர அடி மனை வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பவருக்கும் வேறு வழியில்லை. 1998ல் நகரின் உள்வட்டத்தில் அதை 1,400 வரை குறைத்தார்கள். ஒற்றை வீடு நின்ற மனையில் மூன்று ஒல்லியான மாடி வீடுகள் பக்கம் பக்கமாக எழுந்தன. நிலத்தின் விலையை மூன்று குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்டன. இதற்கு மானியம் எதுவும் தேவைப்படவில்லை, விதியில் ஓர் எண்ணை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

பார்க்கிங் விதியும் இப்படித்தான். ஒரு கார் நிற்க சுமார் 12 சதுர மீட்டர். வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால் 25ஐத் தாண்டிவிடும். ஒருவர் குடியிருக்கக்கூடிய ஒற்றையறை வீட்டின் அளவு அது! வீட்டுக்கு ஒரு பார்க்கிங் கட்டாயம் என்றால், கார் இல்லாதவரும் தன் வாடகையில் அதற்குப் பணம் கட்டுகிறார்.

சரி, விதியே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ரசாயன ஆலையை ஒட்டியோ, வெள்ளம் வடியும் நிலத்திலோ வீடு கட்ட விடக்கூடாது. ஆனால் 1926ல் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில், நிலத்தைக் குடியிருப்பு, கடை, ஆலை என்று மண்டலங்களாகப் பிரிப்பதை ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதே தீர்ப்பில் தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியை 'ஒட்டுண்ணி' என்று எழுதியது. பாதுகாப்பு என்று தொடங்கிய விதி ஆட்களைத் தள்ளிவைக்கவும் பயன்பட்டது இப்படித்தான்.

விதியைத் தளர்த்திய மறுநாளே வாடகை இறங்கிவிடாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிட்டார்கள். வரிசை வீடுகளுக்கான அனுமதிகள் பெருகின, ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு வீடு கட்டித்தான் ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம், புதிதாக மாடி வீடுகள் கட்டும் முன் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம். "வெளிச்சம் மறையும், நெரிசலாகும்" என்று எழுந்து பேசுபவர் ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவர். அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் அந்த மாடியில் குடிவரக்கூடியவருக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரியாது. அந்த நேரத்தில் அவர் தூரத்து வாடகை வீட்டிலிருந்து வேலைக்குப் போக இரண்டாவது பேருந்து மாறிக்கொண்டிருப்பார்.