முடிவைச் சொல்லாத எச்சரிக்கை

அந்தச் சாம்பல் சட்டைக்காரரின் படத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் ஊர் ஸ்டேஷன் நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறவர்களுக்கு நடந்தது தெரியும், இல்லாதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். நேற்று இரவு அதே படம் பக்கத்துத் தாலுகாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு எனக்கே வந்து சேர்ந்தது. இப்போது அவர் வெறும் சந்தேக நபர் இல்லை, "குழந்தை கடத்தும் கும்பலின் தலைவன்" ஆகிவிட்டார். இவ்வளவு சீக்கிரம் பதவி உயர்வு காவல்துறையிலேயே யாருக்கும் கிடைத்திருக்காது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்களைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு மாதாமாதம் வசூலுக்கு வருகிற மனிதர் அவர். பணம் தர வேண்டிய வீடு பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் நிழலில் நின்று காத்திருந்தார். நடுவில் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார், கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சிசிடிவியில் அது பதிவானது. யாரோ அதை வெட்டி எடுத்துக் கொடுக்க, "சந்தேகத்துக்கு இடமான முறையில் சுற்றித் திரிந்த நபர், தகவல் தெரிந்தால் தெரிவிக்கவும்" என்று ஸ்டேஷன் எண்ணிலிருந்தே பதிவு வந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் சில பையன்கள் அவரைப் பிடித்து, சட்டையைக் கிழித்து, அறைந்து, ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்கள். விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடைசி மூன்று வரிகள் மட்டும் இன்று வரை குரூப்பில் வரவில்லை. என் புகார் அதுதான். படம் போட்டதைக்கூட நான் பெரிதாகக் கேட்கவில்லை. முடிவை ஏன் போடவில்லை என்றுதான் கேட்கிறேன்.

குரூப்பிலும் அதைத்தான் கேட்டேன். "அந்த நபர் விஷயம் என்ன ஆச்சு சார்?" பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. பிடித்தாயிற்று என்பதற்கா, விட்டாயிற்று என்பதற்கா, வாயை மூடு என்பதற்கா, தெரியவில்லை. அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா இப்படிக் கேள்வி கேப்பீங்களா?" அதற்கு விழுந்த இதயங்களை நான் எண்ணவில்லை. எண்ணப் போனால் யார் யார் என்று பெயரைப் பார்க்க வேண்டியிருக்கும். தினமும் வணக்கம் சொல்லிக்கொள்கிற ஆட்கள்.

சரி, அந்தக் கேள்விக்கே வருகிறேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் முதலில் கேட்பதே "என்ன ஆச்சு?" என்பதுதான். பிடித்தது யாரை, அவன்தானா, எங்கே இருக்கிறான், வழக்குப் போட்டார்களா என்று ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். உங்களுக்குத்தான் அந்த ஆர்வம் இல்லை. படம் வந்தது, பயந்தீர்கள், நாலு பேருக்கு அனுப்பினீர்கள், வேலை முடிந்தது. பிள்ளைகள் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், அந்த ஆள் உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டீர்களா?

எச்சரிக்கை போடுகிறவர்தான் முடிவையும் போட வேண்டும். அதே எண்ணிலிருந்து, அதே குரூப்பில், அதே அளவு எழுத்தில். "விசாரித்தோம், இவர் வசூலுக்கு வந்தவர், இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை, படத்தை அழித்துவிடவும்." ஒரு நிமிட வேலை.

முடிவை வெட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன? 2018-இல் ஒரு வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியதே, ஞாபகம் இருக்கிறதா? தெருவில் பையன்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், பைக்கில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். காணாமல் போகும் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரை எச்சரிக்க எடுத்தது. கடைசியில் அதே பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடுவார்கள், கையில் ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியது சில விநாடிகள். அந்த வீடியோவும் அதுபோன்ற குரல் பதிவுகளும் சுற்றிய அந்த வருடம், பல மாநிலங்களில் ஆட்களை அடித்தே கொன்றார்கள்.

நம் மாநிலமும் தப்பவில்லை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நிறுத்தியது. 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. கும்பல் அடித்ததில் அவர் இறந்தார், உடன் வந்தவர்களுக்குப் படுகாயம். அதே வாரத்தில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும், அவர் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக் கூடாது, இப்படிப்பட்ட செய்திகளைப் பரப்புகிறவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இவ்வளவும் நடந்த பிறகும் ஒரு ஸ்டேஷன் குரூப்பிலேயே தொடக்கம் மட்டும் வருகிறது, முடிவு வருவதில்லை.

"ஆள் பற்றாக்குறை சார், பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, இதுக்கு நடுவுல குரூப்ல உட்கார்ந்து பதில் சொல்லிட்டு இருக்க முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம். நான் மறுக்கவே இல்லை. இருக்கிற ஆட்களை வைத்து அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் எச்சரிக்கையை டைப் செய்ய நேரமிருந்தது. தலைக்கவச விழிப்புணர்வுப் பேரணிக்குப் பதினோரு படம் போட நேரமிருந்தது.

"மறுப்புப் போட்டால் போலீஸ் மேல் நம்பிக்கை போய்விடும்" என்கிறார் இன்னொருவர். 2023 மார்ச்சில் என்ன நடந்தது? பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அப்போது டிஜிபி சைலேந்திரபாபுவே வீடியோவில் வந்து மறுத்தார். பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. யாருக்காவது போலீஸ் மேல் நம்பிக்கை போயிற்றா? எனக்கு அன்றுதான் நம்பிக்கை கூடியது. மாநிலத்துக்கே மறுப்புச் சொல்ல முடிந்த துறைக்கு ஒரு பாத்திரக்காரருக்குச் சொல்ல முடியாதா?

இன்னொன்று. நம் குரூப் வக்கீல்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும், அவர்கள் குட் மார்னிங் அனுப்புவதில் மும்முரமாக இருப்பதால் நான் சொல்கிறேன். அவர் உண்மையான திருடன் என்றே வைத்துக்கொள்வோம். பார்த்த சாட்சியை அழைத்து அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள் அல்லவா? அந்தச் சாட்சி அதற்கு முன்பே படத்தைப் பார்த்திருந்தால், "இவரை நீங்கள் அடையாளம் காட்டியது சம்பவத்தில் பார்த்ததாலா, போனில் பார்த்ததாலா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அடையாளம் காட்டியதன் மதிப்பே போய்விடும். திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று என்னைச் சொல்கிறீர்களே, திருடன் தப்பிக்க வழி செய்வது யார்? பிடிபட்டவன் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் கதை இன்னும் மோசம். அவன் படத்தையோ பெயரையோ வெளியிடுவதே சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் குற்றம். போன வருடம் சைக்கிள் திருடிய பையன் படத்தை எத்தனை பேர் அனுப்பினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

என் பெரியப்பாவைப் பற்றி இங்கே எழுதியதில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தவறிவிட்டது. சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவார், வீட்டிலேயே இருந்துகொண்டு. ஒருநாள் எங்கள் கண்ணில் படாமல் போய்விட்டார். எப்படியோ பஸ் ஏறி வேறொரு ஊரில் இறங்கி, ராத்திரி ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஏதோ ஒரு வீடு தன் வீடாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ரோந்து வந்த ஏட்டு ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பெரியவரே, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்து, அதில் இருந்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, அங்கிருந்து எங்களைப் பிடித்தார். நாங்கள் போனபோது பெரியப்பா அந்த ஏட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளி வாத்தியாராக இருந்தவர்.

அப்போது தெருவுக்குத் தெரு கேமரா கிடையாது. இருந்திருந்தால்? ராத்திரி நேரம், வெளியூர் ஆள், கசங்கிய சட்டை, வீடு வீடாகக் கேட்டைத் தள்ளிப் பார்க்கிறார். இதைவிடப் பொருத்தமான "சந்தேக நபர்" கிடைப்பாரா? காலையில் படம் வந்திருக்கும். நீங்கள் எல்லோரும் அனுப்பியிருப்பீர்கள். இதை நினைத்துத்தான் அன்று குரூப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டேன், போலீஸை அவமானப்படுத்த இல்லை. "போலீஸ் எதிரி" என்று பட்டம் கொடுத்தவருக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் பெரியப்பாவின் திதி அன்று அந்த ஏட்டின் பேச்சு இன்றைக்கும் வரும்.

பீட் போலீஸ் என்று, ஒரு பகுதியை ஒரு காவலர் பொறுப்பில் விட்டுச் சுற்றிவரச் செய்கிற முறை ஒழுங்காக நடந்த காலத்தில், ராத்திரி ரோந்து வருகிறவர் குறிப்பிட்ட இடங்களில் வைத்திருக்கும் பட்டா புத்தகம் என்ற ரோந்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தத் தெருவில் எந்த வீட்டில் யார், யார் வசூலுக்கு வருகிறார், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்போதும் ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்கிறார்கள், நல்ல விஷயம், நானும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆனால் ஒரு மனிதரை நிறுத்தி "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்கிற வேலையைக் கேமரா செய்யாது. கேமரா படம்தான் எடுக்கும். கேட்க வேண்டியவர்கள் நாம், நாமோ ஃபார்வர்ட் செய்கிறோம்.

அப்புறம், யார் படம் வருகிறது என்பதையும் பார்த்தேன். பழைய குரூப் பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். போர்வை விற்கிற வடமாநிலப் பையன், ஊசி பாசி விற்கிற அம்மா, கைக்குழந்தையோடு கை நீட்டுகிற பெண், மனநிலை சரியில்லாத ஒருவர். சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1952-இல் எடுத்துவிட்டதாகத்தான் படித்திருக்கிறோம். ஏலச்சீட்டு நடத்தி நம் ஊரிலேயே பாதிப் பேரின் சேமிப்போடு கிளம்பிப் போனாரே ஒருவர், அவர் படம் குரூப்பில் வரவே இல்லை. ஒருவேளை அவர் படத்தை ஃப்ளெக்ஸில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் பழகிவிட்டதால் தேவைப்படவில்லையோ என்னவோ. அவர் வீட்டு வாசலில் யாரும் சந்தேகத்துக்கு இடமாக நிற்கவில்லை, வரிசையாக நின்றோம், பணம் கட்ட.

விஷயம் எங்கேயோ போகிறது என்று தெரிகிறது. கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான்.

குழந்தைகள் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் 112-க்குக் கூப்பிடுங்கள், குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098 இருக்கிறது. கூப்பிட்டால் பதிவாகும், ஒருவர் வந்து பார்ப்பார், அதற்கு ஒரு முடிவு இருக்கும். 2016-இலேயே உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற சில வகை வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டது. அடுத்த முறை படம் வரும்போது எஃப்.ஐ.ஆர். எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்தப் புகாரில் இவரைத் தேடுகிறோம் என்றாவது கேளுங்கள். கட்டைவிரல் வரும், பரவாயில்லை, கேளுங்கள்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மனிதரின் படத்தோடு முடிவையும் குரூப்பில் போட வேண்டும் என்று. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டேன். "இதுக்கெல்லாமா சார்?" என்று சிரித்தார்கள், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ரசீது கிடைத்ததும் படம் எடுத்து இங்கே போடுகிறேன். அதையும் நாலு பேருக்கு அனுப்புங்கள்.