அந்த "அநேகம்பேர்" எங்கே போனார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் நடந்ததும், அன்று இரவே சபையின் வாட்ஸ்அப் குழுவில் நான் கர்த்தரை மறுதலித்ததாக அது வேறு உருவம் எடுத்ததும் இங்கே பலருக்குத் தெரியும் என்பதால், முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் சுவிசேஷங்களை மத்தேயுவும் லூக்காவும் எழுத உட்கார்ந்தபோது அவர்கள் கையில் முந்தைய எழுத்துகள் இருந்தன, அவற்றுள் குறைந்தது ஒன்று இன்று நம்மிடம் இல்லை என்றேன். இதில் கர்த்தரை மறுதலித்தது எந்தச் சொல் என்று நான்கு நாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாதா?" என்று மூப்பர் மைக்கிலேயே கேட்டார். பின்வரிசையில் சிரித்தவர்களையும் நான் பார்த்தேன்.

நான் சொன்னதை எனக்கு முன்பே லூக்கா சொல்லியிருக்கிறார். அவருடைய சுவிசேஷத்தின் தொடக்கத்திலேயே "சரித்திரம் எழுத அநேகம்பேர் ஏற்பட்டபடியினால்" என்று இருக்கிறது. ஒருவர் இருவர் அல்ல, அநேகம்பேர். அந்த அநேகம்பேர் எழுதியவை எங்கே? இன்னொரு சுவிசேஷகரான மாற்குவை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள்? இதைக் கேட்டால் சந்தேக ஆவி என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஆவி முதலில் லூக்காவைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மாற்குவில் ஏறத்தாழ 660 வசனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 600 வசனங்களின் பொருள் மத்தேயுவிலும் வந்துவிடுகிறது. அது போகட்டும். மாற்குவில் இல்லாமல், மத்தேயுவிலும் லூக்காவிலும் மட்டும் ஒத்து வருபவை சுமார் 230 வசனங்கள், பெரும்பாலும் இயேசுவின் வார்த்தைகள். "விரியன்பாம்புக் குட்டிகளே" என்று தொடங்கும் யோவான்ஸ்நானனின் கண்டனத்தை இரண்டிலும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கிரேக்கத்தில் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கிறது. யோவான் பேசியது அரமேயம். தனித்தனியே மொழிபெயர்த்த இருவர் இவ்வளவு தூரம் ஒத்துப்போவார்களா? 1838இல் ஜெர்மனியில் வைசெ என்ற அறிஞர், இந்த இருவருக்கும் மாற்குவோடு சேர்த்து இயேசுவின் சொற்களைத் தொகுத்த இன்னொரு ஏடும் மூலமாக இருந்தது என்றார். ஊற்று என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு பிற்காலத்தில் அதற்குக் 'கியூ' என்று பெயரிட்டார்கள்.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அந்த 'வேண்டிய' என்ற இடத்தில் கிரேக்கத்தில் 'எப்பியூசியோஸ்' என்றொரு சொல் நிற்கிறது. அதற்கு முந்தைய கிரேக்க நூல் எதிலும் அந்தச் சொல் கிடைக்கவில்லை. கிரேக்கர் எவரும் இதைக் கையாண்டதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கியது போலிருக்கிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபையின் அறிஞர் ஓரிகன் எழுதினார். அடுத்த சொல்லில் இருவரும் பிரிகிறார்கள்: மத்தேயு "இன்று" தாரும் என்கிறார், லூக்கா "அன்றன்று" தாரும் என்கிறார். ஆனால் எவருக்கும் தெரியாத அந்தச் சொல் மட்டும் இருவரிடமும் அப்படியே இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆச்சி நீல அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்றில் தன் கதையை எழுதி வைத்திருந்தார். அவர் இறந்து ஓராண்டு நிறைந்தபோது பெரியப்பா ஒரு நினைவு மலர் போட்டார். பிறகு அத்தை தனியாக ஒன்று போட்டார். கிணற்றுப் பங்குத் தகராறில் இருவரும் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் மலரை மற்றவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இரண்டிலும் "மழைக்கஞ்சி குடித்த வருஷம்" என்று வருகிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கஞ்சியின் பெயரை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பரணில் இருந்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஆனாலும் அதில் அந்தச் சொல் இருந்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நான் சாட்சி சொல்வேன்.

"ஒரு துண்டாவது கிடைத்திருக்கிறதா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். கிடைக்கவில்லைதான். அப்படிப் பார்த்தால், எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் 1897இல் பாப்பிரஸ் துண்டுகள் வெளிவரும்வரை தோமாவின் பெயரிலான, இயேசுவின் வாக்குகளின் தொகுப்பும் வெறும் பெயராகத்தான் இருந்தது. 1945இல் நாக் ஹம்மாதியில் அது காப்டிக் மொழியில் முழுதாகக் கிடைத்தது: 114 வாக்குகள், சிலுவைக் காட்சி கிடையாது. அதுதான் கியூ என்று நான் சொல்லவில்லை. சொற்களை மட்டும் தொகுத்த ஏடு என்று ஒரு வகையே இருந்ததில்லை என்ற வாய்ச்சவடால் அன்றோடு முடிந்தது என்கிறேன்.

"அந்தக் காலத்தவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்" என்பது அடுத்த பதில். வைத்திருக்கட்டும். மாற்கு 13:14இலும் மத்தேயு 24:15இலும் ஒரே இடத்தில் "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று ஒரு குறிப்பு குறுக்கிடுகிறதே, வாய்மொழியாக வந்த செய்தியில் வாசிக்கிறவன் எங்கிருந்து வந்தான்?

லூக்கா மத்தேயுவையே பார்த்து எழுதியிருக்கலாம், கியூ தேவையில்லை என்று 1955இல் ஆஸ்டின் ஃபாரர் என்ற ஆங்கில அறிஞர் வாதிட்டார். கனமான வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மத்தேயுவைக் கையில் வைத்திருந்தவர் தாவீதின் மகன் சாலொமோன் வழியாக வரும் இயேசுவின் வம்ச அட்டவணையை விட்டுவிட்டு, இன்னொரு மகன் நாத்தான் வழியாக வேறொன்றை எழுதுவாரா? யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்று மத்தேயுவில் படித்தவர், தானே எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் விழுந்து வயிறு வெடித்தான் என்று எழுதுவாரா? எனக்கு ஒப்பவில்லை.

"விசுவாசத்தைக் கெடுக்க வெள்ளைக்காரன் கிளப்பிவிட்டது" என்பவருக்கு அதிகம் சொல்வதற்கில்லை. 1924இல் மாற்கு, கியூ, மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் தனித்தனியே இருந்த ஒவ்வொரு மூலம் என்று நான்கு மூலக் கணக்கை விரிவாக வகுத்த ஸ்ட்ரீட்டர் ஆங்கிலிக்கன் குருவானவர். அவரை எதிர்த்த ஃபாரரும் குருவானவரே. 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சுவிசேஷகர்கள் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வந்த பலவற்றிலிருந்து தெரிந்தெடுத்து எழுதினார்கள் என்று எழுதியே வைத்தது. அவர்களுக்கெல்லாம் விசுவாசம் போகவில்லை. எனக்கு மட்டும் போய்விட்டதாம்.

பரிசுத்த ஆவியானவர் ஏவி எழுதியதற்கு மூலம் எதற்கு என்கிறீர்கள். "திட்டமாய் விசாரித்தறிந்த" என்று லூக்கா 1:3இல் தன்னைப் பற்றிச் சொல்கிறாரே, யாரிடமும் விசாரிக்காமலா அறிந்தார்? நான்கு இடத்தில் நடந்துபோய்க் கேட்டு, கிடைத்த ஏட்டை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஒப்பிட்டு எழுதிய ஒரு மனிதனைத் தேவன் பயன்படுத்தினார் என்பது உங்களுக்கு ஏன் இவ்வளவு கூச்சமாக இருக்கிறது? காதில் வந்து விழுந்ததை அப்படியே எழுதினவர்தான் வேண்டும் என்றால், லூக்கா உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

பதினோரு வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் வகுப்பு எடுத்தேன். அந்தப் பிள்ளைகளிடம் ஒருநாளும் கியூ என்ற எழுத்தைச் சொன்னதில்லை. பெரியவர்கள் வகுப்பில், பெரியவர்களிடம், கேள்வி கேட்கலாம் என்று அறிவித்த பிறகு கேட்டேன். திங்கட்கிழமை காலை குழுவிலிருந்து நீக்கப்பட்டேன்; காரணம் சொல்ல ஒருவருக்கும் தொலைபேசி எடுக்க நேரம் கிடைக்கவில்லை. வகுப்பின் வருகைப் பதிவேடு இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வருகிற வார மனப்பாட வசனத்தைக் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன், லூக்கா 1:3.