பாம்பன் பவளக்கல்லையும் டைனோசரையும் சேர்க்காதீர்கள்

"மண்டபம், பாம்பன் கரையில் கிடக்கும் பவளக்கல் டைனோசரோடு செத்தது. விண்கல் மோதியது வெறும் யூகம், எரிமலைதான் காரணம்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள், அதனால் சொல்லியே ஆக வேண்டும்.

அண்ணே, அந்தப் பவளக்கல்லுக்குப் பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டு வயதுதான். டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலப் பாறையைப் பார்க்க அரியலூர்ப் பக்கம் போக வேண்டும்.

விண்கல் யூகமும் அல்ல. 1980-இல் இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் நிலவியலாளர் வால்டர் குழுவினர், இத்தாலியின் குப்பியோவில் டைனோசர்கள் அழிந்த காலத்து ஒரு மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் சுமார் 30 மடங்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். பூமியின் மேலோட்டில் அரிதான அந்த உலோகம் விண்கற்களில் அதிகம். டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே கதைதான். அதே காலத்து அடுக்குகளில் பெரும் மோதலின் அழுத்தத்தால் அதிர்ச்சிக் கோடுகள் விழுந்த குவார்ட்ஸ் மணிகளும் கிடைத்தன. எரிமலை வெடிப்பு அப்படிக் கோடு போடாது. மோதிய இடமும் தெரியும்: மெக்சிகோவின் யுகடான் கரையில் புதைந்திருக்கும், சுமார் 180 கி.மீ. அகலமுள்ள சிக்சுலூப் பள்ளம். 2016-இல் அங்கே துளையிட்டு எடுத்த பாறையிலும் இரிடியம் இருந்தது.

எரிமலையை நான் ஒதுக்கவில்லை. நம் தக்காணத்தில் அப்போது லட்சக்கணக்கான ஆண்டுகள் குழம்பு வழிந்தது உண்மை. அதன் பங்கு எவ்வளவு என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் கடலின் நுண்ணுயிர் ஓடுகளைப் பாருங்கள்: இரிடியம் அடுக்குக்குக் கீழே குவிந்து கிடக்கும், கடலில் மிதந்து வாழ்ந்த இனங்களில் பெரும்பாலானவை, அதற்கு மேலே இல்லை. அதாவது, விண்கல் மோதிய அந்த வேளையிலேயே அவை அழிந்திருக்கின்றன.