முகப்பு மட்டும் போதுமா?
பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடங்களில் முகப்பைக் காப்பாற்றினால் போதும், உள்ளே எதை வேண்டுமானாலும் இடித்துக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வானமேக்கர் என்ற பழைய அங்காடிக் கட்டடத்துக்குள் ஒருமுறை நுழைந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். 1911-இல் கட்டி முடித்த அது, தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய வங்கி போலத்தான் இருக்கும். உயிரெல்லாம் உள்ளே, ஏழு மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கும் முற்றத்தில். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நண்பகலில் அங்கே நின்றேன். 28,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி முழங்கியதும் உள்ளங்கால் வரை அதிர்ந்தது. பக்கத்தில் விற்பனைப் பெண் அசராமல் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார் (தினமும் கேட்கிறவர் அல்லவா!). மேல்மாடிகள் எப்போதோ அலுவலகங்களாகிவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. 2025 மார்ச்சில் அங்கே இயங்கிவந்த மேசிஸ் கடையும் மூடிவிட்டது, இனிக் குடியிருப்புகள் வருமாம், வரட்டும். ‘வாடகை தராத வெற்றிடத்தை எந்த முதலாளி விட்டுவைப்பான்?’ என்று மேலே ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார். ஐயா, வெற்றிடமான அந்த முற்றத்தின் நடுவே நிற்கும் வெண்கலக் கழுகின் அடியில் சந்திப்போம் என்று சொல்லிவைத்துக்கொண்டுதான் அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கடைக்கே வந்தார்கள்.